மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் விழுந்த பந்து

முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர்கள்: பள்ளியின் தாளாளர் கோவிந்தசாமி சார், அவருடைய மாப்பிள்ளையும் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியருமான செந்தில் சார், தமிழாசிரியர் பச்சையப்பன் ஐயா, கணக்கு ஆசிரியர் ரவி சார், வேன் ஓட்டும் மாதேஷ் அண்ணன், அப்புறம் நான். வராதவர் இயற்பியல் ஆசிரியர். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலமே அவர் நல்லம்பள்ளி சந்தையில் இரண்டு கையிலும் தக்காளிப் பையோடு பஸ்ஸைத் துரத்திப் பிடித்ததை மாதேஷ் அண்ணன் கண்ணால் பார்த்தார்.

நான் அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்துப் படியேறியவனும் நான்தான். ஆகவே புத்தகத்தில் உள்ளது எல்லாம் மைதானத்திலும் அப்படியே நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாலிபாலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அவர்களுக்குக் கற்றுத்தரப் போகிற என்னைப் போன்ற புது வாத்தியார்களுக்கும் இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரத் தனியார் பள்ளிகளின் ஆசிரியர் அணிகளுக்கு வருடா வருடம் ஒரு வாலிபால் போட்டி உண்டு. எங்கள் பள்ளி அதில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. தாளாளர் அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, வேனுக்கு ஷெட்டு போடணும். அந்த வாலிபால் கோர்ட்டுதான் சமமா கெடக்குது. காங்கிரீட் போட்டுரலாம்னு இருக்கறேன்."

"சார், பொண்ணுங்க ஆடறாங்க சார். அத வுட்டா வேற எடமில்லீங்க. பின்னால முழுக்கப் பாறை."

"அப்படியா? சரி, இந்த வருசம் ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் குடு. கோர்ட்டு இருக்கட்டும். இல்லன்னா ஷெட்டு. நானும் ஆடறேன். நான்தான் கேப்டன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் ஷெட்டே வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

1. முட்டி

வாலிபாலில் முதலில் கற்க வேண்டியது அண்டர்ஹேண்ட் பாஸ். ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, முழங்கையை மடக்காமல் நீட்ட வேண்டும். பந்து படவேண்டியது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. கையை வீசக் கூடாது. வேலை செய்ய வேண்டியது கால். முட்டியை மடக்கி உட்காருவதுபோல் நின்று, பந்து வந்ததும் எழுந்தால் போதும்.

இதை ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் "குனி, இன்னும் குனி" என்று கத்திச் சொல்லிவிடலாம். சம்பளம் கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

"சார், கொஞ்சம்… கீழ வந்தீங்கன்னா நல்லாருக்கும் சார்."

"எங்க கீழ? இங்கதான நிக்கறேன்."

"முட்டிய மடக்கணுங்க சார்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னா? என்னமோ கலெக்டராபீஸ்ல மனு குடுக்கறாப்புல நிக்கற!"

மடக்கினார். மடக்கியவர் எழுந்திருக்க மாதேஷ் அண்ணன் கை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் பாஸ் நன்றாக வந்தது. எங்கள் அணியில் சொன்னதை உடனே செய்தவர் அவர்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2. மூன்று தொடுதல்

பந்து நம் பக்கம் வந்தால் மூன்று தொடுதலுக்குள் நெட்டைத் தாண்டி அனுப்ப வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. பந்தைப் பிடித்து நிறுத்தவும் கூடாது. முதல் தொடுதல் பாஸ், இரண்டாவது செட்டர் தூக்கிக் கொடுப்பது, மூன்றாவது அடி. நான் செட்டர். அடிப்பவர் மாதேஷ் அண்ணன்.

ரவி சார் தொடுதல்களைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். "ஒன்னு… ரெண்டு…" மூன்றாவது அவரிடமே வந்தபோது "மூனு" என்று சொல்லி முடித்துவிட்டுப் பந்து தரையில் விழுவதைத் திருப்தியாகப் பார்த்தார்.

"கணக்கு சரியா வந்துருச்சு சார்," என்றார் மாதேஷ் அண்ணன். "பந்துதான் வரல."

3. நீங்க எடுங்க

இரண்டாவது வாரம்தான் உண்மையான நோய் தெரிந்தது. தாளாளரும் செந்தில் சாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இருவருக்கும் பாஸ் வந்துவிட்டது. ஆனால் பந்து இருவருக்கும் நடுவில் வந்தால் போதும்.

"மாப்ள, நீங்க எடுங்க."

"இல்லீங்க மாமா, நீங்க எடுங்க."

பந்து விழுந்துவிடும். இருவரும் ஒருவருக்கொருவர் புன்னகை செய்துகொள்வார்கள். அப்புறம் பந்தைப் பொறுக்குவதற்கு மட்டும் இருவரும் ஒன்றாக ஓடுவார்கள்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாணவி நந்தினி கேட்டாள்: "சார், இவங்க பந்துக்கு நிக்கறாங்களா, பந்திக்கு நிக்கறாங்களா?" கேலி செய்தாலும் அவளுக்குத்தான் கவலை அதிகம் என்று எனக்குத் தெரியும். அவள் நின்று சர்வீஸ் போடுகிற இடத்தில்தான் ஷெட்டின் முதல் தூண் வருவதாக இருந்தது.

விதி எளிது. இருவருக்கு நடுவில் பந்து வந்தால் யாராவது ஒருவர் "எனக்கு" என்று கத்த வேண்டும். கத்தியவர் எடுக்க வேண்டும், மற்றவர் விலக வேண்டும். இதைத் தனித்தனியாக இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

செந்தில் சார் சொன்னார்: "அவரு எனக்குப் பொண்ணு குடுத்தவரு சார். அவரு மூஞ்சிக்கு நேரா எனக்குன்னு கத்தச் சொல்றீங்களே, ராத்திரி வூட்டுக்குப் போயி நான் சோறு திங்கறதா வேணாமா?"

தாளாளர் சொன்னார்: "மாப்ளைய முந்திக்கிட்டுப் போயி நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பொண்ணு குடுத்த எடம்பா."

பச்சையப்பன் ஐயா மட்டும் என் தோளைத் தட்டினார். "மரியாதைய ஒழிக்க முடியாது தம்பி. தூரமா நிறுத்திப் பாருங்க."

4. ரொட்டேஷன்

அவர் சொன்னது வேடிக்கைக்கு. எனக்கு அதில் ஒரு வழி கிடைத்தது.

முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசையில் மூன்று பேர். எதிரணி போட்ட சர்வீஸை வாங்கி நாம் பாயிண்ட் எடுத்தால், எல்லோரும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். எத்தனை முறை சுற்றினாலும் பக்கத்தில் இருப்பவர் பக்கத்திலேயே இருப்பார். எதிரெதிரே இருப்பவர் எதிரெதிரேயே இருப்பார். ஆக மாமாவை முன்வரிசையில் ஒரு மூலையிலும், மாப்பிள்ளையைப் பின்வரிசையில் எதிர் மூலையிலும் நிறுத்திவிட்டேன். நடுவில் மைதானமே கிடந்தது. பந்து விழுவது நின்றது.

ஓர் இடைஞ்சல் மட்டும் இருந்தது. சுற்றி வரும்போது ஒருவர் முன்வரிசை நடுவிலும் மற்றவர் நேர் பின்னால் பின்வரிசை நடுவிலும் வருவார்கள். அப்போது இருவருக்கும் இடையில் பந்து விழ ஒரு இடம் உண்டு. அந்த நேரத்தில் யாரும் அங்கே போடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

5. மேட்ச்

எங்களுக்கு எதிராக வந்தது பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்று. அவர்களுடைய தலைமையாசிரியரே நல்ல ஆட்டக்காரர். முதல் செட் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு, மாதேஷ் அண்ணன் அடித்த அடியில் எதிரணியில் ஒருவர் வாட்ச்சைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்தார். மூன்றாவது செட் பதினைந்து பாயிண்ட். பதினான்குக்குப் பதிமூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். சர்வீஸ் அவர்களுடையது.

நின்ற இடத்தைப் பார்த்தேன். முன்வரிசை நடுவில் மாமா. நேர் பின்னால் மாப்பிள்ளை. நந்தினியும் மற்றப் பெண்களும் கோட்டுக்கு வெளியே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சர்வீஸ் வலுவில்லாமல் வந்தது. நெட்டைத் தாண்டி, மாமாவின் தலையைத் தாண்டி, நான் பயந்த அதே இடத்துக்கு இறங்கியது. மாமா திரும்பினார். வாய் திறந்தது. "மாப்ள, நீ…"

"எனக்கு!"

அந்தக் குரலைச் செந்தில் சாருடையது என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நொடி ஆனது. வகுப்பில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. கத்தியதோடு நிற்கவில்லை. முட்டியை மடக்கி, கையை நீட்டி, ஓடிவந்த வேகத்தில் தோளால் மாமாவை ஒரே இடி. தாளாளர் தரையில் உட்கார்ந்தார். டிராக் பேன்ட் கிழியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பந்து மட்டும் அழகாக எழும்பி என் தலைக்கு மேல் வந்தது. நான் தூக்கிக் கொடுத்தேன். மாதேஷ் அண்ணன் அடித்தார். பந்து கோட்டின்மேல் விழுந்தது. கோட்டில் பட்டால் உள்ளே என்பது விதி. நடுவர் கையைக் கீழே காட்டினார்.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள். செந்தில் சார் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா… தெரியாம…"

"அது கெடக்குது மாப்ள. பாயிண்ட் வந்துச்சா?"

"வந்துருச்சுங்க மாமா."

"அப்புறம் என்னா மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு? தூக்கி வுடுங்க."

அதன் பிறகுதான் பெண்கள் கத்தினார்கள். அடுத்த மேட்சில் வெளியேறிவிட்டோம் என்பது வேறு விஷயம். வேன் ஷெட் சமையலறைக்குப் பக்கவாட்டில் வந்தது. கோர்ட் கோர்ட்டாகவே இருக்கிறது.

நான் கற்றது: பாஸ், செட், சர்வீஸ் எல்லாம் இரண்டாம் நாளில் இருந்து சொல்லிக்கொடுக்கலாம். முதல் நாள் பந்தையே எடுக்காமல், ஆறு பேரையும் நிற்கவைத்து "எனக்கு" என்று கத்த மட்டும் பழக்க வேண்டும். அணியில் சொந்தக்காரர்கள் இருந்தால் இரண்டு நாள். இப்போது என்னிடம் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தொடங்குகிறேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடுகள்கூட மிரண்டு ஓடுகின்றன, ஓடட்டும்.

மாமாவை இடித்துத் தள்ளிய மாப்பிள்ளை சும்மா இருந்துவிட முடியாது. மறுநாளே தர்மபுரிக்குப் போய் அவருக்கு ஒரு டிராக் பேன்ட்டும் முட்டிக்குப் போடும் நீ கேப்பும் வாங்கி, தட்டில் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட மாமாவும் சும்மா இருந்துவிட முடியாது. மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துக் கறிவிருந்தும் போட்டார். டிராக் பேன்ட் அறுநூற்று ஐம்பது, நீ கேப் முந்நூற்று நாற்பது, ஷூ ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, கறி எண்ணூறு. ஒரு பந்தை எடுத்ததற்கு அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.