கண்ணில்லாத வாள் வாத்தியார்

என் மூளை வேலை செய்த ஒரே இடம் அப்பாவின் செல்போன். பள்ளிக்கூடத்தில் அது வேலை செய்ததாக எந்த டீச்சரும் புகார் சொன்னதில்லை.

அந்தப் போனில் ஒரு வாள் சண்டை விளையாட்டு இருந்தது. அதில் யாராலும் ஜெயிக்க முடியாதவர் ஒரு கிழவர். இரண்டு கண்ணும் தெரியாது. கறுப்புத் துணியால் கட்டியிருப்பார். அவர் படத்தைத் தொட்டால் அவருடைய கதை பக்கம் பக்கமாக வரும், இங்கிலீஷில். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் படங்களைப் பார்த்து நானே ஒரு கதை கட்டி, அவருக்கு வாள் வாத்தியார் என்று பேரும் வைத்தேன்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். சர்க்கரையில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதில், "கொஞ்சம் தெரியுது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்த அன்று அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். வாத்தியாருக்கும் கண் போன பிறகுதானே பலம் வந்தது!

அன்றே வாத்தியார் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். அதன் பிறகு அவர் தினமும் அதைக் கேட்டார். ஆனால் சண்டையைப் பற்றிக் கேட்கமாட்டார்.

"அவுனுக்கு சோறு யார்றா போட்றது? துணி எப்டி தோச்சிக்கிறான்?"

விளையாட்டே தெரியாத மனுஷன் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் என்னைக் கிரிவலப் பாதைக்குக் கூட்டிப்போனார். பௌர்ணமி இல்லை, பாதை காலி. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

"எங்க கீறோம்னு நீ சொல்லாத. நானே சொல்றேன்."

பயிற்சி தொடங்கிவிட்டது! எனக்குப் புல்லரித்தது.

நடக்க முடியாத வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் வைத்து எட்டு லிங்கத்தையும் சுற்றிக்காட்டிய பாதை அது. கொஞ்ச தூரம் போனதும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம லிங்கம்."

"பஞ்சர் கடைப்பா!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, அப்டியே எனக்கும் ஒரு சூடம் ஏத்திட்டுப் போ!"

அப்பாவும் சிரித்தார். அடுத்து நிருதி லிங்கம் என்று கும்பிட்ட இடத்தில் கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. ஒரு வேகத்தடை, ஒரு வளைவு, கியரை மாற்றினால் லிங்கம் என்பது ஆட்டோவில் அவர் பழகிய கணக்கு. காலுக்கு அது தெரியவில்லை. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டேய், அந்த வாத்தியாருக்குப் புள்ளகுட்டி கீதா?"

படத்தில் எதுவும் இல்லை. "இல்லப்பா. இருந்தா எந்நேரமும் கையப் புடிச்சிக்கினு சுத்தணும். பாவம், அந்தப் புள்ள எங்கயும் போவ முடியாது. ஒரே பேஜாரு."

அப்பா மெல்ல என் கையை விட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு தனியாக நடந்தார்.

"சூப்பர்பா! வாத்தியார் மாரியே கீற!"

திரும்பவில்லை. ஓடிப்போய் எதிரில் நின்றேன். அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. நேராக வந்து என்மேல் மோதினார்.

"கண்ணத் தொறந்து வச்சிக்கினு நடக்கறியா? அழுகுணிப்பா நீ!" என்று கத்தினேன்.

அந்தக் கோபத்தில், வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு நான் கையே கொடுக்கவில்லை.