கைடுக்காரரின் பொறி

புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் கைடுக்காரர் தேடுவது தன் புத்தகத்தை அல்ல, எதிராளியின் புத்தகத்தை. விலை பார்ப்பவர்போல் அதைப் புரட்டுவார். ஆள்காட்டி விரல் மட்டும் வரிவரியாக இறங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரருக்கு இது பழகிப்போன கூத்து. "என்ன சார், வாங்கறதுக்கா, மோப்பம் பிடிக்கறதுக்கா?" என்பார். கைடுக்காரர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். அந்தக் கடைக்காரர் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஆங்கில கைடு போடுவது அவர் பிழைப்பு. முன்பாதியில் ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் பொருளும். பின்பாதியில் எந்த நாவல், எந்த நாடகம் எதைப் பற்றியது என்ற விவரம். எவ்வளவு பெரிய காவியமானாலும் அவரிடம் ஒரு வரிக்குள் அடங்கிவிட வேண்டும். மகள் ஒருமுறை ஒரு நாவலை முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "சப்ஜெக்ட் என்னம்மா?" என்றார். "தொலைஞ்சுபோன பையனை ஒரு அம்மா தேடிக்கிட்டே இருக்காப்பா." "அப்ப தாய்ப்பாசம்னு போட்டுக்கலாம்" என்று நிம்மதியாகத் தலையாட்டினார்.

ஊர் உலகமெல்லாம் தன்னைத்தான் காப்பியடிக்கிறது என்பது அவர் கட்சி. டைப் அடிக்கிற பெண்ணிடம் பக்கங்களைக் கலைத்துப்போட்டுத்தான் கொடுப்பார். திருத்திய தாள்களை நாலாகக் கிழித்து வெவ்வேறு குப்பைத் தொட்டியில் போடுவார். மைத்துனர் படியேறும் சத்தம் கேட்டாலே கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். "என் தம்பி குழாய் ரிப்பேர் பண்றவன். அவனுக்கு எதுக்கு உங்க இங்கிலீஷு?" என்று மனைவி தலையிலடித்துக்கொள்வார். "யாருக்கு எது எதுக்குன்னு நமக்கு என்ன தெரியும்?" என்பார் இவர்.

சும்மா சொல்லக் கூடாது, ஒருமுறை அந்தச் சந்தேகம் பலித்தது. யாருமே எழுதாத ஒரு நாவலுக்குத் தானே பெயர் சூட்டிப் பின்பாதியில் சேர்த்து, 'மீனவர் வாழ்க்கை' என்று பொருளும் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு எதிராளியின் கைடிலும் அந்த நாவல் வந்தது, 'விருது பெற்றது' என்ற கூடுதல் தகவலோடு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பொறி வைத்துவிடுகிறார். எங்கே வைத்தார் என்பது மனைவிக்கே தெரியாது. தேர்வில் வராத இடமாகப் பார்த்துத்தானே வைக்கிறோம் என்று மனதுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

இந்த ஆண்டு அவர் கைவைத்தது 'ஈட் ஹம்பிள் பை' என்ற தொடரில். 'எளிமையாக உண்டு சிக்கனமாக வாழ்தல்' என்று அச்சாகியிருந்தது. படித்தால் யாருக்கும் நம்பத் தோன்றும்.

மகளும் அதே தேர்வைத்தான் எழுதுகிறாள். போன தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போனது. இம்முறை தேர்வுக்கு முந்தின நாள் மாலை, அறைக்குள் நடந்தபடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்ற அவர் காதில் விழுந்தது. "ஈட் ஹம்பிள் பைன்னா, எளிமையா சாப்பிட்டு சிக்கனமா வாழறது."

கைடுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. திருடன் மாட்டிக்கொண்டான்.

"யாரோட புக்கும்மா அது?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"உங்க புக்குதாம்ப்பா. வேற புக்கை இந்த வீட்டுக்குள்ள விட்டுடுவீங்களா? எங்க கிளாஸ்ல எல்லாருமே இதைத்தான் படிக்கறாங்க. இந்தத் தடவை இது கட்டாயம் வரும்னு மிஸ் கோடு போடச் சொன்னாங்க."

கைடுக்காரர் சட்டென்று அறைக்குள் வந்தார். கதவைத் தாழிட்டார். ஜன்னலைச் சாத்தினார். மேஜைமேல் இருந்த அவள் செல்போனைக்கூடக் கவிழ்த்து வைத்தார். பிறகு குனிந்து காதோடு காதாகச் சொன்னார். "அது தப்பும்மா. நான்தான் வேணும்னு மாத்திப் போட்டேன். செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கறது, அதுதான் சரியான அர்த்தம்."

மகள் கைடை மூடினாள்.

"அப்ப இதைப் படிச்ச மத்தவங்கப்பா?"

சொல்லிக்கொண்டே தோழிகளுக்குத் தகவல் அனுப்பச் செல்போனை எடுக்கப் போனாள். கைடுக்காரர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையின் விரலைத் தன் உதட்டின்மேல் வைத்தார்.