பக்கம் தப்பா இருக்குது சார்

திருவண்ணாமலைக்குப் போய்வந்தேன் என்றதும் ஆபீசில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பௌர்ணமிக்கா?" இல்லை. பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஜனவரி மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சனி, ஞாயிறு. வேண்டுதலும் எதுவும் கிடையாது. ஒரு பேய் ரோட்டில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போனேன். சிரிக்காதீர்கள், விவரமாகச் சொல்கிறேன்.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பகலில் நான் குமாஸ்தா. மற்ற நேரத்தில் பேய்க்கதை எழுதுகிறேன். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை, இந்த மூன்றும் என் கதைகளில் வராது. தனி ஆள் இருக்கும் வீட்டில் காலையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன டம்ளர் சாயங்காலம் நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான். படிக்கிறவர் எழுந்துபோய்த் தன் வீட்டு டம்ளரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் எனக்கு அதுவே போதும். எழுதும்போது எனக்கே உதறும் என்பதும் உண்மை. மனைவி கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால்தான் பேனா ஓடும்.

இப்படி எட்டு வருடமாக எழுதியதில் பன்னிரண்டு கதைகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். என் முதல் புத்தகம். கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலையைத் திருவண்ணாமலையில் ஒரு சின்ன சென்டருக்குக் கொடுத்திருந்தார், அங்கே ரேட் கம்மியாம். வியாழக்கிழமை மத்தியானம் அங்கிருந்து ஒரு பெண் என் செல்லுக்குக் கூப்பிட்டார்.

"சார், கற்பகம் பேசறேன், டி.டி.பி. சென்டர்ல இருந்து. கடைசிக் கதையில பக்கம் தப்பா இருக்குது சார்."

"எந்தப் பக்கம்? நூத்தி நாப்பத்திமூணா?"

"அந்தப் பக்கம் இல்ல சார். நடக்கற பக்கம்."

கடைசிக் கதைதான் புத்தகத்துக்கே தலைப்பு, 'கூட நடப்பவர்'. ஒருவர் விடியற்காலையில் தனியாகக் கிரிவலம் போகிறார். சாலையின் இடது ஓரத்தில் இன்னொருவர் அவரை ஒட்டியே நடந்து வருகிறார். பேச்சே இல்லை. கூட வந்தவர் உயிரோடு இல்லை என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். இதை நான் நங்கநல்லூரில் உட்கார்ந்து, ஒரு கோயில் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். திருவண்ணாமலையை அதுவரை பார்த்ததுகூட இல்லை.

கற்பகம் சொன்ன தப்பு இதுதான். மலையைச் சுற்றும்போது மலை நமக்கு வலது கைப்பக்கம் இருக்கும். மனிதர்கள் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும், பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கும்.

"உங்க பேய் எதுக்கு சார் நம்ம பக்கம் நடக்குது?"

"அது பேய்ம்மா. எந்தப் பக்கம் வேணா நடக்கும்."

"அதெப்படி சார்?" என்றார், நான்தான் விவரம் கெட்டவன் என்பதுபோல. "கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் அடிக்கல. யோசிச்சு சொல்லுங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. என் கதையில் ஒரு கமாவைத் தொட்டாலே சண்டைக்குப் போகிறவன் நான். பதிப்பாளருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் ஒன்றுதான். திங்கட்கிழமை காலைக்குள் சி.டி. கைக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் அந்தக் கதையை எடுத்துவிட்டுப் பதினொன்றோடு அச்சுக்குப் போகும் என்றார். கோபம் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் வேறொன்று குடைய ஆரம்பித்தது. ஊரே பாதி ரோட்டைக் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு விட்டுவிட்டு நடக்கிறதா? அதைப் பார்க்காமல் நான் என்னத்தைப் பேய்க்கதை எழுதிக் கிழித்தேன்?

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழி. டிக்கெட் எழுபது ரூபாய், நாலே முக்கால் மணி நேரம். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். காலை முழுக்க வெயில் எதிர்ப்பக்கம் என்று கணக்குப் போட்டு நான் ஏமாந்தேன், செஞ்சிக்கு அப்புறம் ரோடு வளைந்து வளைந்து என் மூஞ்சிக்கே வந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர், "ஆசிரமமா சார்?" என்றார். டி.டி.பி. சென்டர் என்றதும் முகம் சப்பென்று ஆகிவிட்டது. இருபத்தைந்து ரூபாய். போகும் வழியில் அவரிடமே சந்தேகத்தைக் கேட்டேன்.

"கிரிவலப் பாதையில வலது பக்கம் அவங்க நடக்கிறாங்கன்னா, எதிர்ல வர்ற வண்டியெல்லாம் அந்தப் பக்கம்தானே வருது? மேல ஏறிடாதா?"

"அவங்களுக்கு ஒதுங்கத் தெரியாதா சார்? நம்மள மாதிரியா?" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "வெளியூர்க்காரங்கதான் அந்தாண்ட நடப்பாங்க. நாங்க ஹாரன் அடிச்சு இந்தாண்ட அனுப்புவோம்."

சென்டர் என்றால் ஒரு மாடிப்படிக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். ஆயுத பூஜைக்குப் போட்ட விபூதிப் பட்டை இன்னும் மானிட்டர் மேல் இருந்தது. கற்பகத்துக்கு முப்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நான் யாரோ வயசானவர்னு நெனச்சேன் சார்," என்றார். நாற்பத்து நாலு எனக்குக் கம்மி வயதாகவே படவில்லை, இருந்தாலும் சந்தோஷம்.

"உங்க பேய்ங்க ரொம்ப மரியாதைங்க சார். கதவத் தட்டிட்டு வருதுங்க. ஆனா அந்த டம்ளர் கதை அடிச்சேன் பாருங்க, அன்னிக்கு வீட்ல ஒரு டம்ளரக்கூட கவுத்து வைக்கல. எல்லாத்தையும் நிமித்தியே வெச்சுட்டேன். எங்கம்மா திட்டுது."

எட்டு வருடத்தில் இப்படி ஒரு விமர்சனம் எனக்கு வந்ததில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியிலேயே கடைசிப் பக்கத்தை எப்படியாவது அடித்து வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். கற்பகம் அசையவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வாராவாரம் நான் சுத்துவேன் சார். கூட வாங்க, நடந்து பாருங்க. அதுக்கப்புறமும் இந்தப் பக்கம்தான்னு சொன்னீங்கன்னா, நீங்க எழுதினமேனிக்கே அடிச்சுத் தரேன்."

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் ரூம் எடுத்தேன். இருநூற்றைம்பது ரூபாய், வெந்நீர் வாளி ஐந்து ரூபாய் தனி. காலை ஐந்தே முக்காலுக்கு ராஜகோபுரத்தடியில் கற்பகம் தயாராக நின்றார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் கழற்றினேன். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்கால். என் காலோ மொசைக்கில் மட்டும் நடந்து பழகியது. பாதையோரத்து எட்டு லிங்கக் கோயில்களில் இரண்டாவதான அக்கினி லிங்கம் வருவதற்குள் ஒவ்வொரு ஜல்லியும் எனக்கு அறிமுகமாகிவிட்டது.

எம லிங்கம் தாண்டி டீ குடித்தோம், மூன்று ரூபாய். செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும்தான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன். அங்கொருவர் இங்கொருவராகப் பத்துப் பதினைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் இடது ஓரம். வலது பாதி அப்படியே காலி. ஒரு லாரி அதில் எதிரே வந்து போனது, மறுபடியும் காலி. பனி இன்னும் விலகவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு பத்தடி அந்தப் பக்கம் போய் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரேஷன் கடை வரிசையில் நடுவில் புகுந்தவன் மாதிரி கூச்சமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். கற்பகம் பார்த்தும் பார்க்காததுபோல் வந்தார்.

அடி அண்ணாமலை கோயில் தாண்டிக் கொஞ்ச தூரம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி எங்கள் பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இடப்புறம் சேறும் முள்ளும். வலது பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். நான் காலை எடுத்து வைத்தேன். கற்பகம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மலைப் பக்கம் திரும்பி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசும் குரலில் சொன்னார்:

"தள்ளிக்கோக்கா. சார் வராரு."

இரண்டு விநாடி பொறுத்தார். அப்புறம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டிராக்டரைத் தாண்டி இடது பக்கம் வந்த பிறகுதான் கவனித்தேன், அவ்வளவு அகலமான காலி ரோட்டில் நான் வலது தோளைக் குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். பன்னிரண்டு கதையில் ஒரு தடவைகூட நான் யாரையும் இப்படித் தோளைக் குறுக்க வைத்ததில்லை.

"யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"எங்கக்காகிட்ட சார்."

அக்கா இந்த ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் சேர்ந்து சுற்றுவார்கள். மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"அது இருக்கும்போதே அந்தாண்டதான் நடக்கும் சார். நெழலு ஜாஸ்தியாம். கோயில்ல வுட்டா காணாம பூடும்னு செருப்ப இடது கையிலயே புடிச்சிக்கினு, ஜாலியா போவும். நான் திட்டுவேன். இந்தாண்ட வாக்கா, அது நம்ம பக்கம் இல்லன்னு. கேக்கவே கேக்காது." மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இப்ப திட்டறதில்ல. அங்கதானே இருக்கணும்."

காலில் குத்திய கல்லைத் தட்டிவிடுகிற சாக்கில் நின்றேன்.

"உங்க கதையில அந்த ஆளு செத்துப் போயிட்டு நம்ம பக்கம் வந்து நடக்கறாரு. அப்படின்னா அந்தாண்ட யாருமே இல்லன்னு ஆவுதுல்ல சார்? அத நான் என் கையால எப்படி அடிக்கறது?"

குபேர லிங்கம் தாண்டினோம். இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான வழியில் படுத்து நுழைந்து வெளியே வந்தேன் (நாற்பது அங்குல இடுப்புக்கு மேல் இருப்பவர்கள் யோசித்துச் செய்யவும், பின்னாலிருந்து ஒருவர் என்னைத் தள்ள வேண்டியிருந்தது). ஈசானிய லிங்கம் பார்த்துவிட்டுக் கோபுர வாசலுக்கு வரும்போது மணி பத்தே கால்.

நேரே சென்டருக்குப் போய் நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கூட நடப்பவர் இப்போது வலது பக்கத்துக்குப் போய்விட்டார். கதாநாயகர் இடது பக்கம், அவர் வலது பக்கம், நடுவில் ரோடு. கடைசிப் பக்கத்தில் ஒரு டிராக்டர் வழியை அடைத்து நிற்கிறது. கதாநாயகர் வலது பக்கமாகச் சுற்றுகிறார். டிராக்டர் பின்னால் போய்விட்டது. இடது பக்கம் திரும்ப வேண்டும். அவருக்குத் திரும்பத் தோன்றவில்லை. நடந்துகொண்டே இருக்கிறார்.

கற்பகத்தின் விரல் நின்றது. முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "இப்ப பயமா இருக்குது சார்," என்றார். எனக்கு எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை.

"ஆனா தனியா போறாரே சார், பாவம்."

"பேய்க்கதைன்னா அப்படித்தாம்மா."

"சரி சார். நீங்க சாப்ட்டு வாங்க, சி.டி. போட்டு வைக்கறேன்."

சாப்பிட்டு வந்து சி.டி.யை வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ் பிடித்தேன். திங்கட்கிழமை காலை அது பதிப்பாளர் கையில் இருந்தது.

போன வாரம் அவர் கூப்பிட்டார். "சார், கடைசிப் பக்கத்துல ஒரு அம்மா வராங்களே, யாரது? கதையில முன்னாடி எங்கயுமே இல்லையே?" எனக்குப் புரியவில்லை. புரூஃப் அனுப்பச் சொன்னேன். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். 'நடந்துகொண்டே இருந்தார்' என்று நான் முடித்த வரிக்குக் கீழே, நான் சொல்லாத ஒரு வரி: 'அவருக்குக் கொஞ்சம் முன்னால், செருப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.'

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. பயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கமாவுக்குச் சண்டை போடுகிறவன், பதிப்பாளருக்குப் போன் செய்து, "இருக்கட்டும் சார், அவங்க முதல்லயே அங்க இருந்தவங்கதான்," என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் பிடிக்காதென்றால் பௌர்ணமியைத் தவிர்த்து மற்ற நாளில் போங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முக்கால்வாசி முடிந்துவிடும், நிதானமாக நடந்தால் நாலரை மணி நேரம். செருப்பை விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும், வழியெல்லாம் டீக்கடை இருக்கிறது. இடது ஓரமாகவே நடங்கள். வண்டி எதுவும் வழியை அடைத்து அந்தப் பக்கமாகப் போக வேண்டி வந்தால், சொல்லிவிட்டு, இரண்டு விநாடி பொறுத்துப் போங்கள். அவர்களுக்கும் ஒதுங்க நேரம் வேண்டும்.