அந்தோணியின் இடக்கை

அந்தோணியின் இடக்கையைப் பாழாக்கியவன் நான்தான். விதி இல்லை, ஈர மணல் இல்லை, கடற்காற்றும் இல்லை. நான்… செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் காதர்.

ஊரில் கேட்டுப் பாருங்கள். அந்தோணியின் உயிரைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறேனே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் சொல்லி என்னையே திட்டித் தீர்த்துவிட்டேன். ஒன்றும் போதவில்லை!

அந்தோணி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் வேலை. சீமைக்குக் குடியேறிப் போன ஒரு சட்டைக்கார ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர், கப்பல்காரர் ஒருவர் மூலம் தனக்குக் கிடைத்த எலெக்ட்ரிக் கிட்டாரை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கே தந்திகள், அத்தனையும் தடிப்பு. பேஸ் கிட்டார் என்பார்கள். அப்படி ஒன்றை இந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

ஆனால் அது ஊமையாகத்தான் வந்தது. தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று உண்டு. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி. தந்தியின் அதிர்வைக் கரண்டாக்கி, சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்கு அனுப்புவது அதுதான். அதன் உள்ளே பச்சை பூத்துக் கம்பி அறுந்து போயிருந்தது.

"இன்னா பாய், இத்த பேச வெக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டான் அந்தோணி.

முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! அந்த வார்த்தை என் வாயில் வராது. அவ்வளவு திமிர். மதராசில் ராணுவத்துப் பழைய சாமான் விற்பவனிடம் ஹெட்போன்கள் வாங்கினேன். காந்தங்களைக் கழற்றினேன். தையல் மெஷின் சக்கரத்தை வைத்துக்கொண்டு கம்பி சுற்றினேன். அறுந்தது. மறுபடி சுற்றினேன். பழைய பிக்கப் இருந்த பள்ளத்தில் என் பிக்கப்பைப் பதித்து, அந்தோணி முதல் தந்தியைத் தட்டியபோது கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அவன் அழுதுவிட்டான். நானும்தான்.

ஆனால் கூடவே 'ங்…' என்று ஓர் இரைச்சல்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். என் குற்றம் இங்கேதான் இருக்கிறது. கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் என்று நான் கொடுத்தது ஒரு பழைய ரேடியோ. டிரான்ஸ்பார்மர் இல்லாத மலிவு செட். அதன் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு நேராக மின்சார லைனோடு சேர்ந்தது. பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் அந்தத் தட்டு சாது. திருப்பிச் செருகினால் முழுக் கரண்டும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கை படுகிற எதையும் அதோடு நேராக இணைக்கக் கூடாது. நடுவே ஒரு சின்னக் கண்டென்சரை வேலி போல வைக்க வேண்டும்.

வைத்தேன்… முதலில் வைத்தேன். இரைச்சல் குறைந்ததே தவிரப் போகவில்லை. என் வேலையில் அப்படி ஒரு குறையா? பொறுக்கவில்லை எனக்கு. கண்டென்சரை வெட்டி எறிந்தேன். தந்திகளிலிருந்து வரும் கம்பியைத் தட்டோடு நேராக முறுக்கி இணைத்தேன். இரைச்சல் செத்தது!

பிளக்கில் சரியான பக்கத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடையாளம் வைத்தேன். என் கடைக்கு அது போதும். வெளியிடத்தில் எந்த ஓட்டையில் கரண்ட் வருகிறதென்று டெஸ்ட் லாம்ப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும். அதையெல்லாம் அந்தோணியிடம் சொன்னேனா? இல்லை. "ரப்பர் ஷூ போட்டுகினு வாசி" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றான். "அதான் ஸ்டைலு" என்றேன். நாசமாய்ப் போன நாக்கு!

அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பிறந்த ஊர், மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே மாதா கோயில் திருவிழாவில் வாசிக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சினிமாவுக்கு வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்யும் மதராஸ்காரர் ஒருவர் அவனைக் கேட்பதற்கென்றே வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஸ்டூடியோவில் வேலை. அதன்பிறகு லோகோ ஷெட்டின் கரியை அந்தோணி தொட வேண்டியதில்லை.

சாயங்காலம். பந்தலில் மாதா சொரூபம். புழுதி அடங்க மணலில் நிறையத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்தோணி பந்தல் ஓரத்தில் ஷூவைக் கழற்றினான்.

"டேய், ஷூவைப் போட்டுக்கோடா" என்றேன்.

"இன்னா பாய், நீயே இப்டி பேசற? மாதா முன்னால ஷூ போட்டுகினு நிப்பாங்களா? உன் பள்ளிவாசல்ல நீ நிப்பியா?"

நிற்க மாட்டேன். அவன் கேட்டதில் என்ன தப்பு? 'அதில்லடா, அந்தத் தந்தியில் உன் சாவு இருக்கிறது' என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னால், கண்டென்சரை வெட்டியதையும் சொல்ல வேண்டுமே…

பையில் டெஸ்ட் லாம்ப் இருந்தது. சத்தியமாக இருந்தது! மதராஸ்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களே செய்ததா? பலே!" என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். அவர் கண்ணெதிரே லாம்பை எடுத்துச் சோதித்தால், சொந்தச் சரக்கின் மேல் இவனுக்கே நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடுவாரே! அந்த ஒரு பலேவுக்காக… எடுக்கவில்லை. சிவப்பு அடையாளத்தைப் பார்த்துப் பிளக்கைச் செருகினேன். குப்பத்தில் அவசரமாக லைன் இழுத்தவன் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. சோதிப்பது என் வேலை.

எல்லோரும் மாதா பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்தோணியும் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, இடக்கையால் தந்திகளை அழுத்திப் பிடித்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு எழுத்து தெரியவில்லை. கை தந்தியை விடவில்லை. ஈர மணலில் கிட்டாரோடு விழுந்தான், அப்போதும் விடவில்லை.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். அது உண்மை. இந்தப் புகழெல்லாம் அதற்குத்தான்.

அதன் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் பெட்டியிடம் ஓடினேன்! பின்பக்கம் கையை விட்டு, முறுக்கி இணைத்திருந்த கம்பியைப் பிய்த்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று அப்புறம்தான் போய்ப் பார்த்தேன். மனிதனா நான்?

ஸ்டெல்லா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "இன்னா ஆச்சு பாய்? ஐயோ, இன்னா ஆச்சு?"

"பொட்டிக்குப் பின்னால கைய வுட்டுட்டாம்மா… வாணாம் வாணாம்னேன். கேக்கல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் வந்துவிட்டது. ஆனால் டாக்டரிடமும் போலீஸ்காரரிடமும் ஷெட் அதிகாரியிடமும் அதையே சொன்னேனே, அதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மதராஸ்காரர் ஆஸ்பத்திரிக்குப் பழம் அனுப்பினார். அத்தோடு சரி. ஷெட் வேலையும் போயிற்று. யாரோ இரக்கப்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ரயில்வே கேட்டில் அவனைக் காவலுக்குப் போட்டார்கள்.

அந்தோணிக்கு அந்த நிமிஷம் எதுவும் ஞாபகம் இல்லை. நான் சொன்னதுதான் அவனுக்கு ஞாபகம். "பாய் வாணாம்னாரு, நான்தான் பொட்டில கைய வுட்டேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அவன் வீட்டுக்குப் போனால் ஸ்டெல்லா இருக்கிற மீனையெல்லாம் என் தட்டில் போடுவாள். "நீ மட்டும் இல்லாங்காட்டி என் தாலி அன்னிக்கே போயிருக்கும் பாய்." அந்தச் சோறு எப்படி உள்ளே இறங்கிற்று என்று கேட்காதீர்கள். இறங்கிற்று.

மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் சொன்னார். அன்றே அந்தோணியின் ரயில்வே கேட்டுக்குப் போனேன். "அந்தோணி, அன்னிக்கி…" என்று ஆரம்பித்தேன். "வுடு பாய், அத்தப் பேசாத, நெஞ்சு அடிச்சிக்குது" என்றான். நான் விட்டுவிட்டேன். எவ்வளவு சுலபமாக விட்டேன்!

போன ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று அவனே என் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாய், கோயில் சாமியார் கிட்ட என் பாவத்தெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணேன். நீ அத்தினி தபா சொல்லியும் கேக்காத பொட்டில கைய வுட்டேன். என்னால உன் கடைக்குக் கெட்ட பேரு. ஷாக் அடிக்கிற பாய் கடைன்னு ஜனம் பேசுது. அந்த மனுசன் கிட்ட மன்னிப்பு கேட்டுகினு வந்து அப்பால பூசையில நன்மை அப்பம் வாங்குன்னு சாமியார் சொல்லிட்டாரு. மன்னிச்சிரு பாய்…"

சொல்லிவிட்டு அந்தக் கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டான். அது சரியாகச் சேரவில்லை.

இப்போதாவது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். என்னை நம்பி நின்ற அந்த முகம்… எனக்குப் பயம். ஒன்றுமில்லை, வெறும் பயம்!

"மன்னிச்சுட்டேன், போடா" என்றேன்.

கேட்டீர்களா? நான்… அவனை… மன்னித்தேன்!

அவன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்பத்தான் பாய் மனசு லேசாச்சு" என்று சொல்லிவிட்டு, நன்மை வாங்கக் கோயிலுக்குப் போனான்.