லாரி மேல் நின்ற ஞாயிறு

குன்னூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கென்று யாரும் இல்லை. குடியுரிமை இல்லையென்று இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பியபோது அப்பாவும் நானும்தான் கப்பலேறினோம். அண்ணனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டான். மண்டபம் முகாமில் காய்ச்சலில் படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. மலைக்கு வந்து சேர்ந்தது நான் மட்டும்.

தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையைக் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரைப் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. முடியாது என்பதற்கு 'ஏலாது' என்று நான் சொல்வது அவர்களுக்கு வேடிக்கை. ஆனாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்காது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது எட்டிப் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

அப்படியொரு ஞாயிறன்றுதான் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் லயத்துக்கு வந்தார். அங்கிருந்த வாசகசாலைக்கு அவர்தான் செயலாளர். ஊர் வரலாற்று விழா ஒன்று நடத்தப்போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பழைய படங்களை வைக்கிறார்களாம், பெரியவர்கள் பேசுகிறார்களாம், சாயங்காலம் ஊர்வலமாம். ஊர்வலத்தில் ஒரு லாரியில், காட்டை வெட்டித் தேயிலை நட வந்த முதல் ஆட்களைக் காட்டவேண்டும். அதற்குக் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலர் வேண்டும்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லீங்க. செடிமேல கைய வெச்சுட்டு அசையாம நின்னாப் போதுமுங்க" என்றார்.

நான் உடனே சரி என்றேன். ஒரு ஞாயிறு கழியுமே என்றுதான்.

விழா நாளில் லாரித் தொட்டியில் சாக்குகளை அடுக்கி மலைபோல் செய்திருந்தார்கள். தகர டின்களில் தேயிலைக் கிளைகளை நட்டிருந்தார்கள். எங்களுக்குப் பழைய கூடையும் கறுப்புக் கம்பளியும் கொடுத்தார்கள். நான் லாரியின் ஓரத்தில் நின்றேன். முன்னால் போன ஜீப்பில் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே வந்தார். சமவெளியில் பஞ்சம் வந்து நடந்தே மலையேறிய நம் முன்னோர் இவர்கள் என்றார். என் பூட்டனும் பஞ்சத்தில் நடந்து போனவர்தான். அவர் ஏறியது கடலுக்கு அந்தப் பக்கத்து மலை. ஜனங்கள் கை தட்டினார்கள். யாருடைய பூட்டிக்காகவோ நான் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

மார்க்கெட் வளைவில் லாரி மெதுவாகத் திரும்பியது. அங்கேதான் அவளைப் பார்த்தேன். இலங்கையில் எங்கள் எதிர் லயத்தில் இருந்தவள். ஒன்றாகவே பேர் பதிந்து வேலைக்குப் போனவர்கள் நாங்கள். எங்களுக்கு முந்தைய கப்பலில் அவள் குடும்பம் வந்துவிட்டது. அதன் பிறகு எங்கே அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. இப்போது இடுப்பில் ஒரு குழந்தையோடு கூட்டத்தில் நின்று நேராக என்னையே பார்த்தாள். ஏதோ சொல்வதுபோல் அவள் வாய் அசைந்தது.

நான் கையைத் தூக்கப் போனேன். லாரியை ஒட்டி நடந்து வந்த செயலாளர், "ஆடாதீங்கம்மா, போட்டோ எடுக்கறாங்க" என்றார். தூக்கப் போன கையைச் செடிமேலேயே வைத்துக்கொண்டேன். லாரி திரும்பிவிட்டது.

பள்ளி மைதானத்தில் இறக்கிவிட்டதும் கம்பளியைக்கூடக் கழற்றாமல் மார்க்கெட்டுக்கு ஓடினேன். கூட்டம் கலைந்திருந்தது. டீக்கடைக்காரர், கூடலூர்ப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்ததாகவும் பஸ் ஏறிப் போய்விட்டதாகவும் சொன்னார். செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். தன் பேச்சை நிறுத்திவிட்டு மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்தபிறகு, கூடலூருக்குக் காய்கறி கொண்டுபோகும் ஒருவர் மூலம் விஷயம் தெரிந்தது. ஸ்ரீமதுரையில் சிலோன்காரக் குடும்பம் ஒன்று வயல் வேலை செய்கிறதாம். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஊட்டியில் பஸ் மாறி, நடுவட்டம் வழியாக இறங்கி, கூடலூரில் இன்னொரு பஸ். வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவளேதான். வரப்போரத்து வீட்டில் இஞ்சி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீதானாடி? பொம்மையா ஆளான்னு எனக்கு வெளங்கவே இல்ல. நீ கண்ணக்கூட சிமிட்டல" என்றாள்.

அப்பா இறந்ததைச் சொன்னேன். சற்று நேரம் அழுதாள். பிறகு அங்கே கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்து மீன்குழம்போடு வைத்தாள். பிள்ளைகள் மலையாளம் கலந்து பேசின. அவளும் அதே பேச்சில் பதில் சொன்னாள். மாமியார் கூப்பிட்டார், எழுந்து போனாள். கன்று அவிழ்த்துக்கொண்டது, ஓடினாள். வந்து உட்கார்ந்தபோதெல்லாம் நான் பழைய இடத்தைப் பற்றித் தொடங்கினேன். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்ற விடியற்காலைகள், தீபாவளிக்கு ஒரே துணியில் எடுத்த பாவாடைகள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதெல்லாம் நான் நினைக்கிறதே இல்லடி. நினைச்சா இங்க வேல செய்ய ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புத்தி சொல்வதுபோலவும் இல்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் வேறு ஏதோ கேட்டேன், விளைச்சல் எப்படி என்றோ என்னவோ. ராத்திரி தங்கிவிட்டுப் போகச் சொன்னாள். காலையில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டேன். பஸ் வரும்வரை கூட நின்று, ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொடுத்தாள். அடுத்த தரம் இரண்டு நாள் லீவோடு வா என்றாள். வருகிறேன் என்றேன். பிறகு ஏனோ நான் போகவில்லை, அவளும் வரவில்லை. இலங்கையில் அவள் வீட்டுக் கூப்பாடு என் அறைக்குள் கேட்கும். இங்கே நடுவில் ஒரு மலை முழுக்க இருந்தது.

அடுத்த வருஷமும் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். வளைவுகளில் நான் யாரையும் தேடவில்லை. தூறல் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண், கேத்தியில் கேரட் கழுவப் போகிறவள், தன் கம்பளியின் ஒரு முனையை இழுத்து என் தலைமேல் போட்டாள். ஊர்வலம் முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். இறங்கிய பிறகு அவள் தன் ஊர்க்காரர்களோடு போய்விட்டாள். நான் மேட்டுப் பாதையில் தோட்டத்துக்கு நடந்தேன்.