தெரியாதவர்கள் இடது கை

நான் பி.எட். படித்த வருடம் எங்கள் பாளையங்கோட்டைக் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டை ஒழித்துவிட்டார்கள். பாடத்திட்டம், படங்கள், வகுப்பெடுத்த வீடியோ, அதைப் பற்றி நாமே எழுதும் குறிப்பு எல்லாவற்றையும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவாக இணையத்தில் ஏற்ற வேண்டும். நோட்டென்றால் சீனியர் அக்காவுடையதைப் பார்த்தெழுதி, ஓரத்தில் பூப்போட்டு ஒப்பேற்றியிருப்பேன். வீடியோவுக்கு எந்த அக்காவிடம் போவது?

பயிற்சிக்குப் போனது சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கு. ஏழாம் வகுப்பு, அறிவியல். வீடியோ எடுத்த அன்று பிள்ளைகளிடம், "டீச்சர் கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை" என்று சொல்லிவைத்தேன். வலது கை தூக்கியவர்களை மட்டும் கூப்பிடுவேன். அதிகாரி வரும் நாட்களில் காலங்காலமாக நடக்கிற வேலைதான், நான் கண்டுபிடித்ததல்ல. வகுப்பு ஜோராக நடந்தது.

ஏற்றுவதற்குக் கடைசி நாள் மாலை நெட் இழுத்தடித்தது. அந்தப் பதற்றத்தில் வீடியோவைப் பார்க்காமலே ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து ஆசையாகத் திறந்தால், முதல் காட்சியிலேயே நான் கையைத் தூக்கிக் காட்டி அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படமெடுத்த தோழி முன்னாலேயே பொத்தானை அமுக்கியிருக்கிறாள். கெடு முடிந்துவிட்டதால் இனி எதையும் அழிக்க முடியாது. செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது.

"ஏட்டி, சும்மா கெட. அம்புட்டு வீடியோவையும் யாரு உக்காந்து பாக்கப்போறா?" என்றாள் தோழி. அவளுக்கென்ன. ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் என் அப்பா, தெரு முழுக்க என்னை டீச்சர் என்றே சொல்லிவைத்திருந்தார். நான் ஃபெயிலானால் அவர் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பார்? மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. "பயந்த கோளாறா இருக்கும், திருநீறு போட்டுட்டு வருவோம்" என்றாள் அம்மா.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நேராக வீடியோவைத்தான் திறந்தார். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கடைசி வரை பார்த்தார்.

"இந்தக் கை வித்தை நானும் பண்ணதுதாம்மா. அதுக்காக உன்ன ஃபெயிலாக்கப் போறதில்ல" என்றார். பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு வீடியோவைப் பின்னால் இழுத்து, கடைசி பெஞ்சைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளை மொத கேள்வியிலிருந்தே இடது கையத்தான் தூக்கிட்டிருக்கு. பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வகுப்புக்கு வாரக்கணக்கில் போய் வந்திருக்கிறேன், தெரியவில்லை.

"கீழ குறிப்புல என்ன எழுதியிருக்க? வாசி."

"அனைத்து மாணவர்களும் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று வாசித்தேன். சீனியர் அக்காவின் பழைய நோட்டிலிருந்து எடுத்த வரி.

தேறிவிட்டேன். இப்போது மணிமுத்தாறு பக்கம் வேலை. அப்பாவின் வாக்கு பலித்துவிட்டது. அந்த வீடியோ இணைப்பு இன்னும் திறக்கிறது. பார்க்கப் பயம்தான், இருந்தாலும் பார்க்கிறேன். கடைசிக் கேள்விக்குள் அந்தப் பிள்ளைக்குக் கை வலித்திருக்க வேண்டும். தூக்கிய இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். முகத்தில் பதற்றமே இல்லை. நான் கூப்பிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.