கிரேன் கட்டாத பெல்ட்

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்து இறங்கும் அந்தக் கிடங்கில் பதினெட்டு வருஷமாக அவனுக்கு கிரேன் என்றுதான் பெயர். வைத்தவர் மேஸ்திரி. இரண்டு பேர் தூக்கவேண்டிய பெட்டியைத் தனி ஆளாக முதுகில் ஏற்றி, இரும்புப் படி வழியாக மூச்சு வாங்காமல் மாடிக்குக் கொண்டுபோவான். உண்மையில் வாங்கும். படி திரும்பும் இடத்தில், யார் கண்ணிலும் படாமல் நின்று வாங்கிக்கொள்வான்.

ஒரு தடவை கிடங்கில் எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்தார்கள். முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கிற அகலமான கறுப்புப் பட்டை. கிரேன் அதைக் கையில் வாங்கியதுமே "பாவாடை" என்று பெயர் சூட்டிவிட்டான். யாராவது கட்டிக்கொண்டு வந்தால், "என்னம்மா, மாப்பிள்ளை பாக்கட்டுமா?" என்பான். கிடங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஒரே வாரத்தில் பெல்ட்டுகள் எல்லாம் மூலைக்குப் போய்விட்டன. அவனுடையது வீட்டு பீரோ மேல் கிடந்தது.

முதுகுவலி வந்தபோது அந்தப் பெயரே அவனுக்கு எமனாகிவிட்டது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். இனி கனம் தூக்கினால் கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்று, மனைவி கெஞ்சினாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. உக்காந்து லேபிள் ஒட்டுற வேலை இருக்குல்ல?"

"அங்க இருக்கிறது பூரா பொம்பளைங்கடி."

"இருந்தா என்ன? அவங்களும் சோறுதானே திங்கிறாங்க."

"நான் ஆம்பளை."

"சரி, ஆம்பளையாவே இருங்க. அந்த பெல்ட்டையாவது கட்டிக்குங்க."

கெட்ட வார்த்தையைக் கேட்டவன் மாதிரி அவளை முறைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். ஏழு கழுதை வயசாகியும் புத்தி வராத ஜென்மம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். "அண்ணே, ஒரு கை புடிக்கவா?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். "தள்ளுடா" என்றான் கிரேன். பதினோரு படி ஏறினான். பன்னிரண்டாவது படியில் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பெட்டியோடு சரிந்தவன் மொத்தக் கனத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டான். ஃப்ரிட்ஜில் ஒரு கீறல்கூட இல்லையாம். அதைக் கிடங்கில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஆறு மாதமாகப் படுக்கைதான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவன் எடையில் பாதிகூட இல்லாத மனைவிதான் தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்குகிறாள். முதல் வாரமே அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பீரோ மேலிருந்த பெல்ட்டை எடுத்துத் தூசி தட்டி, தன் அளவுக்கு மடித்துத் தைத்துக் கட்டிக்கொண்டாள். அதை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடங்கு ஆட்கள் பார்க்க வந்தார்கள். வாசலில் வண்டிகள் நிற்கும் சத்தம் கேட்டதும் கிரேன் பதறினான். படுத்த கோலத்தில் அவர்கள் பார்ப்பதா?

"சீக்கிரம் நாற்காலியில உக்கார வை. அதுக்கு முன்னாடி அதைக் கழட்டு."

"எதை?"

"அந்தக் கருமத்தை. பசங்க பாத்துடப் போறானுங்க."

அவள் பெல்ட்டை அவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாதியில் அவள் முதுகில் ஏதோ மளுக்கென்றது. அவள் தோளில் கன்னம் பதிந்திருந்த அவனுக்கும் அது கேட்டது. விட்டுவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாவி.

"நீ ஆம்பளைடா கிரேன்," என்றார் மேஸ்திரி உள்ளே வந்ததும். "இன்னிக்கும் உன்னை மாதிரி தூக்க ஒருத்தன் இல்ல." கிரேன் மீசையைத் தடவிக்கொண்டான். சுவரைப் பிடித்துக்கொண்டே டீ கொண்டுவந்தவளைப் பார்த்து, "தங்கச்சி ஏன் சாஞ்சு நடக்குது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அவளுக்கு என்ன? கால் மரத்துப் போயிருக்கும்."

அவர்கள் எழுந்து வெளியே போனதும், "படுக்க வை, முடியலை" என்றான். அவள் வந்தாள். குனிய முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால எழுந்திரிக்க முடியலைங்க. இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. கூப்பிடுங்க."

வண்டிகளை ஒவ்வொன்றாக உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்" என்றான் கிரேன்.